பாயும் பொறியும்

தாமிரபரணி ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே அமைந்த பழம்பதி புன்னைக்காயல். அதற்கு அண்மையிலுள்ள கொற்கை, பாண்டியரின் துறைமுகமாக விளங்கிற்று. ஆறு கொணர்ந்த மணல் கொற்கையைக் கடலினின்று விலக்கவே, வாணிகம் பழையகாயலுக்குப் பெயர்ந்தது. அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயலும், பின்னர்த் தூத்துக்குடியும் தலையெடுத்தன. துறைகள் மாறியவாறே கலங்களும் மாறின. பழைய கலத்தில் புதிய பொறியைப் பொருத்துவதா, அன்றி அதன் முதற்கருவிகளையே காப்பதா என்னும் வினாவுக்கு விடை தேடுவோர், இக்கரையின் வரலாற்றை அறிதல் நலம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ‘காயில்’ என்னும் துறைக்கு ஓர்மூசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கலங்கள் வந்தமையைக் குறித்துள்ளார். அத்துறை பழையகாயலே எனக் கால்டுவெல் ஐயர் காட்டினார். ஓர்மூசுக் கலங்களில் இரும்பாணி இல்லை என்றும், பலகைகள் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் புன்னைக்காயலில் குடியேறினர். அதன் பின்னர் இரும்பாணி அறைந்த கலங்கள் பெருகின. நம் கடலோடிகளின் சொற்களே இக்கலப்புக்குச் சான்று. ‘சுக்கான்’ அரபு மொழியிலிருந்து வந்தது. பலகை இடுக்குகளை அடைக்கும் ‘கலப்பத்து’ என்னும் தொழிற்பெயரும் கடல் கடந்து வந்ததே. ஆதலால், நாம் இன்று ‘பழைய கருவி’ என்று போற்றுவதும் ஒரு காலத்தில் புதிதாக வந்ததே என்பதை மறத்தலாகாது.

இம்மாற்றங்கள் அனைத்திற்கும் இடையே மாறாது நின்றது ஒன்று உண்டு. அதுவே காற்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்தவர் இக்கரையினர். கடலின் நீரோட்டத்தை ‘நீவாடு’ என்பர். முத்துக்குளிப்பின் நாளொழுங்கையும் காற்றே வகுத்தது. நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றில் பாய் விரித்துப் படகுகள் முத்துப்பார்களை நோக்கிச் சென்றன. பிற்பகலில் எழும் கடற்காற்றில் கரை திரும்பின. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளே தூத்துக்குடிக் கடலில் இறுதியாக நிகழ்ந்தவை.

தூத்துக்குடியில் கரையை அடுத்த கடல் ஆழமற்றது. ஆகவே பெருங்கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. பெரிய தோணிகள் கொழும்புக்கும் பாய் விரித்து ஓடின. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்தன. ஆயினும் நீராவிக் கப்பல் தோணியை ஒழித்துவிடவில்லை. காற்றுக்கு விலை இல்லை; கரிக்கு விலை உண்டு. விரைவு வேண்டிய பயணிகள் கப்பலை நாடினர். காத்திருக்கக் கூடிய சரக்கு தோணியில் சென்றது.

பின்னர் வந்த எண்ணெய்ப் பொறியோ வேறு வகையானது. 1897இல் ருடால்ப் டீசல் தம் பொறியை இயக்கிக் காட்டினார். 1912இல் ‘செலாண்டியா’ என்னும் டென்மார்க்குக் கப்பல் அப்பொறியால் பெருங்கடலைக் கடந்தது. நம் நாட்டில் 1952இல் ஏற்பட்ட இந்திய-நார்வே உடன்படிக்கையின் வழியே கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடி விசைப்படகுகள் தோன்றின. 1980களில் தமிழகக் கரைகளில் வள்ளங்களின் புறத்தே பொருத்தும் சிறு பொறிகள் பரவின. தூத்துக்குடித் தோணிகளும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படிப்படியாகப் பொறி ஏற்றன. நீராவிக் கப்பல் தோணிக்கு அருகே ஓடிய போட்டியாளன். எண்ணெய்ப் பொறியோ தோணிக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது.

பாய்க்கலத்தில் பொறி வைப்பது, விளக்கை மாற்றுவது போன்ற எளிய செயலன்று. சுழல்விசிறியின் தண்டு செல்லப் பின்புறக் கட்டையைத் துளைக்க வேண்டும். பொறியின் கனத்தால் பின்பகுதி தாழும். அதன் அதிர்வால் கலப்பத்து தளரும். பொறியும் எண்ணெயும் இடங்கொள்ளச் சரக்கறை சுருங்கும். பாய்மரம் குறுகிப் பாய் சிறுத்து, ஈற்றில் அகன்றேபோகும். மணல் திட்டு நிறைந்த புன்னைக்காயல் கழிமுகம் போன்ற இடங்களில் நிலையான விசிறி தரை தட்டும். தூக்கிக்கொள்ளத்தக்க புறப்பொறியே அங்குப் பொருந்தும். எனவே எந்தக் கருவி சிறந்தது என்பதைக் கலமும் நீரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

பொறியின் நன்மையை எவரும் மறுக்க இயலாது. காற்றற்ற கடலில் நாட்கணக்கில் குடிநீர் குறையக் கிடந்த துன்பத்தை அது நீக்கிற்று. புயற்குறி கண்டவுடன் கரை சேர வழி செய்தது. பழைய அழகு கெடுகிறதே என்று கரையில் இருப்போர் வருந்துவது எளிது. உயிரைக் கையிற் பிடித்துக் கடலிற் செல்பவனுக்கு அவ்வழகு சோறிடாது. எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1973இல் உலகில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, காற்றை விட்டு எண்ணெயை நம்பியவரின் நிலை விளங்கிற்று. பிடித்த மீனின் விலையில் ஒரு பங்கு, கலம் கரை சேருமுன்னரே எண்ணெய்க்கென்று ஒதுங்கிவிடுகிறது. பாயும் இன்றித் துடுப்பும் இன்றிச் சென்ற படகில் பொறி நின்றுவிட்டால், நீவாடு இழுத்த திசையே வழியாகிவிடும்.

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. நாரை விட்டு ஆணிக்கு மாறியபோது கலத்தின் உடல் மாறிற்று. காற்றைப் படிக்கும் அறிவு மாறவில்லை. பாயை விட்டுப் பொறிக்கு மாறியபோதோ, அவ்வறிவுக்கே வேலை இல்லாமற் போயிற்று. பாயுடன் பிறந்த கல்வி பாயுடன் மடிய விடுவதே உண்மையான இழப்பு. இன்று பெருங்கப்பல்களிலும் எரிபொருளைக் குறைக்கக் காற்றின் துணையை மீண்டும் நாடும் சோதனைகள் உலகில் நடைபெறுகின்றன. நாம் கைவிட்டதை வேறொருவர் ஆய்ந்து, நமக்கே விலைக்குத் தரும் நாள் வரக்கூடும்.

ஆகவே பொறி இருக்கட்டும். அதனுடன் சிறு பாயொன்றும் கலத்தில் இருக்கட்டும். பாய்த்தோணி செலுத்திய முதிய தண்டல்கள் இன்றும் நம்மிடையே உளர். எந்த மாதத்தில் எக்காற்று எழும், எந்த மேகம் எதைக் குறிக்கும், எந்நீவாட்டில் எப்படிச் சுக்கான் பிடிப்பது என்பன அவர்கள் நெஞ்சில் ஏடுகளாக உள்ளன. கடற்கரைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர் அவற்றைக் கேட்டு எழுதி வைப்பாராயின், அது வெறும் நினைவுச் சின்னமாக நில்லாது, நாளைய கடலோடிக்கும் கைகொடுக்கும் கருவியாகும்.