டீசல் காரும் நெடுவழிப் பயணமும்

நாள்தோறும் முப்பது கிலோமீற்றர் சென்று தொழில் பார்த்து, மாலையில் அதே தூரம் வீடு திரும்பும் ஒருவர் மோட்டார் கார் வாங்க முற்படுகின்றார். ஒரே வடிவில் இரு கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன. ஒன்று பெற்றோலில் ஓடுவது. விலை சற்றுக் குறைந்தது. மற்றையது டீசலில் ஓடுவது. விலை கூடியது, ஆயினும் எண்ணெயைக் குறைவாகக் குடிப்பது. இவர் எதை வாங்குவது? இக்கேள்வி ஐரோப்பாவிலே, சிறப்பாக ஜேர்மனியிலே, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றது. காலத்துக்குக் காலம் அதற்கு வேறு வேறு விடைகள் கிடைத்திருக்கின்றன. விடை மாறியது ஏன் என்று பார்க்கும்போது, எஞ்சினின் வரலாற்றோடு வரியின் வரலாறும் பின்னிக் கிடப்பதைக் காண்கின்றோம்.

டீசல் என்பது முதலில் ஒரு மனிதரின் பெயர். றூடோல்வ் டீசல் 1858ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலே ஜேர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மியூனிக் நகரில் பொறியியல் கற்றவர். அக்காலத்து நீராவி எஞ்சின்கள் நிலக்கரியின் வெப்பத்திற் பெரும்பகுதியை வீணாக்கின. அவ்வெப்பத்தை வேலையாக மாற்றும் வழியைத் தேடுவதே அவரின் வாழ்நாள் நோக்கமாயிற்று. 1897ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஔக்ஸ்பேர்க் நகரிலே அவரது எஞ்சினைப் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது, எண்ணெயின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் வேலையாக மாறியமை தெரியவந்தது. அந்நாளில் எந்த எஞ்சினும் எட்டாத அளவு அது.

இதன் மறைபொருள் எளியது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். நெருக்கப்படும் வளி சூடேறுகின்றது. பெற்றோல் எஞ்சினில் வளியும் எண்ணெயாவியும் கலந்து நின்று மின்பொறியினால் தீப்பற்றுகின்றன. டீசல் எஞ்சினிலோ வளி மட்டுமே உள்ளே புகுந்து, பதினைந்து இருபது மடங்கு நெருக்கப்பட்டு, கடுஞ்சூடு அடைகின்றது. அச்சூட்டில் எண்ணெயைத் தெளித்ததும் அது தானாகவே எரிகின்றது. இவ்வாறு மிகுதியாக நெருக்குவதே சிக்கனத்துக்கு முதற் காரணம். இன்னொன்றும் உண்டு. மெதுவாகச் செல்லும்போது பெற்றோல் எஞ்சினின் வளிவழி பாதி அடைக்கப்பட்டு, அது மூச்சு முட்டி உழைக்க நேர்கின்றது. டீசல் எஞ்சினுக்கு அந்த இடர் இல்லை. எண்ணெயின் அளவைக் குறைத்தால் போதும். மேலும், ஒரு லீற்றர் டீசலில் ஒரு லீற்றர் பெற்றோலிலும் பார்க்கப் பத்தில் ஒரு பங்களவு கூடுதலான வெப்பம் அடங்கியிருக்கின்றது.

இத்துணைச் சிறப்பிருந்தும், முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைக் காரில் ஏற்ற முடியவில்லை. ஔக்ஸ்பேர்க் எஞ்சின் ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரமும் நான்கரைத் தொன் எடையும் உடையது. அதன் வலுவோ இருபது குதிரைவலுவுக்கு மேற்படவில்லை. எண்ணெயை உள்ளே ஊதுவதற்குப் பெரிய காற்றுப் பம்பு ஒன்றும் வேண்டியிருந்தது. ஆகவே அது ஆலைகளிலும் கப்பல்களிலும் தங்கிவிட்டது. அதைக் கண்டவரும் காரில் அது ஓடுவதைக் காணாமலே மறைந்தார். 1913ஆம் ஆண்டு செப்ரெம்பர் 29ஆம் நாள் இரவு, அன்ற்வேர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற டிரெஸ்டன் என்னும் கப்பலிலிருந்து றூடோல்வ் டீசல் காணாமற் போனார். சில நாட்களின் பின் அவரது உடல் கடலிற் கண்டெடுக்கப்பட்டது. அது விபத்தா, தற்கொலையா, வேறெதுவுமா என்பது இன்றும் முடிவாகவில்லை.

எஞ்சினைச் சிறிதாக்கியவர்கள் வேறு சிலர். பென்ஸ் கொம்பனியைச் சேர்ந்த புரொஸ்பர் லொராஞ்ச் என்பவர் 1909இல் முன்னறை ஒன்றை அமைத்து, எண்ணெய் முதலில் அங்கே எரியத் தொடங்குமாறு செய்தார். றொபேர்ட் பொஷ் அவர்களின் தொழிற்சாலை 1927இல், எண்ணெயைத் துளித்துளியாக அளந்து உயர்ந்த அமுக்கத்தில் செலுத்தும் சிறு பம்பைப் பெருந்தொகையாக ஆக்கத் தொடங்கியது. பெரிய காற்றுப் பம்பு இனித் தேவையில்லை என்றாயிற்று. லொறிகள் டீசலுக்கு மாறின. அமெரிக்காவில் கிளெசி கம்மின்ஸ் என்பவர் பழைய பக்கார்ட் கார் ஒன்றிலே தமது டீசல் எஞ்சினைப் பொருத்தி, 1930ஆம் ஆண்டு சனவரியில் இந்தியானாபொலிஸ் நகரிலிருந்து நியூயோர்க் வரை ஏறக்குறைய எண்ணூறு மைல் ஓட்டிச் சென்றார். வழியில் எண்ணெய்க்கு அவர் செலவிட்டது 1 டொலர் 38 சதம். நெடுவழிக்கு டீசல் இலாபம் என்பதைப் பாமரரும் உணரும்படி எடுத்துக் காட்டிய முதற் பயணம் அது எனலாம்.

விற்பனைக்கென்று செய்யப்பட்ட டீசல் கார் 1936ஆம் ஆண்டில் பேர்லின் கண்காட்சியிலே தோன்றியது. அது மேர்சிடிஸ் பென்ஸ் 260 டி. வலு 45 குதிரைவலு. வேகம் மணிக்கு 95 கிலோமீற்றர் அளவே. நூறு கிலோமீற்றருக்கு ஒன்பது, ஒன்பதரை லீற்றர் எண்ணெய் போதும். அதையொத்த பெற்றோல் கார் பதின்மூன்று லீற்றர் குடித்தது. அன்றியும், டீசல் எண்ணெய் பெற்றோலிலும் வெகு மலிவு. இக்காரை முதலில் விரும்பி வாங்கியவர் யார்? செல்வர் அல்லர், வாடகைக் கார்காரர். அவர்களுக்கு ஓசையும் நடுக்கமும் பொருட்டல்ல. நாள் முழுதும் ஓடும் காருக்கு ஒவ்வொரு கிலோமீற்றரிலும் சில காசு மிச்சமானால், ஆண்டு முடிவில் அது பெருந்தொகை. காலையில் ஒரு முறை சூடேறிய எஞ்சின் இரவு வரை ஆறாது என்பதும் அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. போர் காரணமாக 1940இல் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ இரண்டாயிரம் கார்களே செய்யப்பட்டன. ஆயினும் டீசல் கார் எத்தகையோருக்கு உரியது என்பதை அந்த வாடகைக் கார்காரர் அன்றே கணக்கிட்டுவிட்டனர்.

போருக்குப் பின் மேர்சிடிஸ் 170 டி 1949இலும், பிரான்சிலே பேர்ஜோ 403இன் டீசல் வகை 1959ஆம் ஆண்டளவிலும் வந்தன. இவை விரைவற்றவை, ஆயினும் நெடுங்காலம் உழைப்பவை. கிரேக்க நாட்டு வாடகைக் கார்காரர் ஒருவர், 1976ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மேர்சிடிஸ் 240 டி ஒன்றை, எஞ்சினை மாற்றி மாற்றி 46 இலட்சம் கிலோமீற்றர் வரை ஓட்டி, 2004இல் அக்கொம்பனியின் காட்சிச்சாலைக்கே கொடுத்துவிட்டார். குளிர்காலக் காலையில் இக்கார்களை இயக்குவதற்கு முன் உள்ளிருக்கும் மின்சுருள் சூடேறும்வரை காத்திருக்கவேண்டும். ஜேர்மானியர் அதை ‘றூடோல்வ் டீசல் நினைவு நிமிடம்’ என்று வேடிக்கையாகச் சொல்வர். நமது பழைய டீசல் வான்களிலும், சாரதி சாவியைத் திருப்பிச் சுருள்விளக்கு அணையும்வரை பேசாதிருந்ததை நேயர்கள் பலர் கண்டிருப்பர்.

1973ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதுவரை வாடகைக் கார்காரரின் கணக்காயிருந்தது எல்லோருடைய கணக்குமாயிற்று. வொக்ஸ்வாகன் கொம்பனி 1976இல் கோல்வ் என்னும் சிறு காருக்கு ஒன்றரை லீற்றர், 50 குதிரைவலு டீசல் எஞ்சினை அளித்தது. தொழிலுக்குப் போய்வருவோர் அதை நம்பி வாங்கினர். அமெரிக்காவிலோ அவசரம் கேடு விளைத்தது. ஓல்ட்ஸ்மொபீல் கொம்பனி 1978இல் விற்கத் தொடங்கிய பெரிய டீசல் எஞ்சினில், உயர்ந்த அமுக்கத்தைத் தாங்கவேண்டிய தலைப்பகுதி ஆணிகள் தளர்ந்தன; எண்ணெயிற் கலந்த நீரைப் பிரிக்கும் கருவியும் இருக்கவில்லை. 1985இல் அது கைவிடப்பட்டது. டீசல் கார் என்றாலே அந்நாட்டு மக்கள் முகஞ்சுளிக்கும் நிலை பல ஆண்டு நீடித்தது.

ஐரோப்பாவின் பாதை வேறு. அங்கே அரசாங்கங்கள் லொறித் தொழிலையும் விவசாயத்தையும் எண்ணி, டீசலுக்குக் குறைந்த வரி விதித்தன. காரில் போவோரும் அச்சலுகையிற் பங்கு பெற்றனர். 1989இல் ஔடி கொம்பனியின் ரீ.டீ.ஐ. எஞ்சினும், 1997இல் அல்பா றோமியோ 156 காரிலே வந்த பொதுக்குழாய் எண்ணெய்ச் செலுத்து முறையும் பழைய ஓசையையும் சோம்பலையும் பெரிதும் நீக்கின. மேற்கு ஐரோப்பாவில் 1990இல் விற்ற புதிய கார்களில் ஏழில் ஒன்றளவே டீசல். 2011இல் பாதிக்கு மேல் டீசல்.

இவ்விடத்திலே நமது பயணியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஜேர்மனியை எடுத்துக்கொள்வோம், அங்கே அரசாங்கம் ஒரு கையாற் கொடுத்து மறுகையால் வாங்குகின்றது. லீற்றருக்கு விதிக்கப்படும் எண்ணெய் வரி பெற்றோலுக்கு 65 சதம், டீசலுக்கு 47 சதம். ஆனால் ஆண்டுதோறும் காருக்குச் செலுத்தும் வரியோ, 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் பதிவான இரண்டு லீற்றர் எஞ்சினுக்கு, எஞ்சினின் பருமனைப் பொறுத்த அளவில், பெற்றோலாயின் 40 யூரோ. டீசலாயின் 190 யூரோ. காபனீரொட்சைட்டைப் பொறுத்த பகுதி வேறு. அதை இங்கு விடுகின்றேன். டீசல் கார் இரண்டாயிரம் யூரோ கூடுதல் விலை என்றும், அது எட்டு ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு விலையில் 250, வரியில் 150, ஆக 400 யூரோ கூடுதற் செலவு. பெற்றோல் கார் நூறு கிலோமீற்றருக்கு ஏழு லீற்றரும் டீசல் கார் ஐந்தரை லீற்றரும் குடிக்கின்றன, பெற்றோல் லீற்றர் 1.80 யூரோ, டீசல் 1.70 யூரோ எனின், நூறு கிலோமீற்றருக்கு மிச்சம் 3 யூரோ 25 சதம். அந்த நானூறை மீட்க ஆண்டுக்கு ஏறத்தாழ 12,300 கிலோமீற்றர் ஓடவேண்டும். முப்பது கிலோமீற்றர் தொலைவில் வேலை செய்பவர் 220 நாட்கள் போய்வந்தால் 13,200 கிலோமீற்றர், மயிரிழையில் தப்பிவிட்டார். பத்துக் கிலோமீற்றர் தொலைவில் வேலை செய்பவரோ ஆண்டுக்கு 250 யூரோவுக்கு மேல் நட்டப்படுகின்றார். டீசலின் விலை பெற்றோலிலும் பத்துச் சதம் கூடிவிட்டால், அந்த 12,300 என்பது 18,600 ஆகின்றது. முன்னர் தப்பியவரும் நட்டத்தில் வீழ்கின்றார். இது வெறுங் கற்பனையன்று. உக்ரேன் போர் தொடங்கிய பின், 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஜேர்மனியில் டீசல் பெற்றோலிலும் விலை உயர்ந்தே விற்றது.

ஆனால் இக்கணக்கில் ஓர் இனம் எழுதப்படவேயில்லை. வீதியோரத்தில் வாழ்பவரின் நுரையீரல் அது. டீசற் புகையின் கரித்துகள்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் நகரங்களின் வளியில் நிறைந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2012ஆம் ஆண்டில், டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று அறிவித்தது. கரியைத் தடுப்பதற்கு வடிகட்டி பொருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டிலிருந்து வந்த ஐரோப்பிய விதிகளினால் அது புதிய கார்களில் இன்றியமையாததாயிற்று. வடிகட்டியிற் சேரும் கரி அறுநூறு பாகை அளவான வெப்பத்தில் எரிந்து தீரவேண்டும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஒரே சீராக ஓடும் காரில் அது இயல்பாக நிகழும். சந்தைக்கும் பாடசாலைக்கும் மட்டும் போய்வரும் காரிலோ எரிப்பு இடையில் நின்றுவிடும், வடிகட்டி அடைபடும், எரியாத டீசல் உராய்வு நீக்கும் எண்ணெயிற் கலந்து எஞ்சினைக் கெடுக்கும். முன்னர்க் குறுந்தூரப் பயணிக்கு டீசல் இலாபமற்றது என்ற அளவே. வடிகட்டி வந்தபின் அது அவர் காருக்குத் தீங்கும் ஆயிற்று.

2015ஆம் ஆண்டு செப்ரெம்பர் 18ஆம் நாள் அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு நிறுவனம் வொக்ஸ்வாகன் கொம்பனியின் சூழ்ச்சியை வெளியிட்டது. சோதனைச் சாலையில் நைதரசன் ஒட்சைட்டைக் குறைத்துக் காட்டவும், வீதியில் தடையின்றிக் கக்கவும் காரின் கணினிக்குக் கட்டளை எழுதப்பட்டிருந்தது. உலகெங்கும் ஒரு கோடியே பத்து இலட்சம் கார்களில் அது இருந்ததென்பதைக் கொம்பனியே ஒப்புக்கொண்டது. லைப்சிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிருவாக நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில், நகரங்கள் பழைய டீசல் கார்களைத் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு சனவரி முதல், ஏறத்தாழப் பத்தாண்டுக்கு முற்பட்ட டீசல் கார்கள் வெளியூரிலிருந்து ஸ்டுட்கார்ட் நகருக்குள் வருவது தடுக்கப்பட்டது. ஸ்டுட்கார்ட் மேர்சிடிஸ் கொம்பனியின் தாயகம் அன்றோ! சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து அந்நகரத் தொழிற்சாலைகளுக்கு வருவோரே அங்கு முதலில் அடிபட்டனர். அரசாங்கம் வரிச்சலுகையாற் காட்டிய வழியிலே சென்று, நெடுந்தூரத்துக்கு உகந்ததென்று நேர்மையாகக் கணக்கிட்டு வாங்கியவர்கள் அவர்கள். அவர்களின் பழைய காரை வாங்க ஆளில்லை. புதிய கார் வாங்கக் கையில் முதலில்லை.

அதன் பின் டீசலின் பங்கு விரைந்து தேய்ந்தது. 2024ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்றே டீசல். நாளும் நூறு கிலோமீற்றருக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கும், பாரவண்டி இழுப்பவருக்கும் அது இன்றும் பொருந்தும் என்றே கொள்கின்றேன். புதிய வகைகளிலே யூறியாக் கரைசலைத் தெளித்து நைதரசன் ஒட்சைட்டை அழிக்கும் ஏற்பாடு உண்டு. அதுவும் வெளியேறும் புகை போதிய சூடடைந்த பின்னரே செவ்வையாக வேலை செய்யும். ஆகவே பழைய டீசல் கார் ஒன்றை வாங்க நினைப்பவர், அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று மட்டும் கேட்டு அமையாமல், முன்னை உரிமையாளர் அதை எவ்வாறு ஓட்டினார் என்றும் கேட்கவேண்டும். நெடுஞ்சாலையில் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய காரின் வடிகட்டி, ஊருக்குள்ளேயே ஐம்பதினாயிரம் ஓடிய காரின் வடிகட்டியிலும் நல்ல நிலையில் இருக்கக்கூடும்.