கட்டணம் கட்டிக் காத்திருந்தவர்கள்

1780-ஆம் ஆண்டு லண்டன் சான்சரி நீதிமன்றத்துக்கு ஓர் உயில் வழக்கு வந்தது. தன் சொத்தை விற்று, வரும் பணத்தை 15 பேருக்குப் பிரித்துக் கொடுக்கும்படி ஒருவர் எழுதி வைத்திருந்தார். அவர் கண்ணை மூடுவதற்கு முன்பே அந்தப் பதினைந்தில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். அவர்கள் பங்கு மற்றவர்களுக்குப் போக வேண்டுமா, சட்டப்படியான வாரிசுக்கா? வாரிசின் தரப்பில் ஆஜரானவர் ஜான் ஸ்காட் என்ற ஜூனியர் பாரிஸ்டர். சன்னது வாங்கி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. எழுந்து நின்று ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவருக்குக் கொடுத்த வேலை. கட்டணமும் அதற்குத் தகுந்த அற்பத் தொகை.

ஸ்காட் கேஸ் கட்டைப் பிரித்துப் படித்தார். பழைய தீர்ப்புகளைப் புரட்டினார். பங்கு வாரிசுக்கே சேர வேண்டும் என்று அவருக்குப் பட்டது. சொல்லச் சொன்னதை விட்டுவிட்டு வாதாடினார். முதலில் தோல்வி. மேல்முறையீட்டில் அந்த நீதிமன்றத்தின் தலைவரான லார்ட் சான்சலர் தர்லோ முன்னால் மறுபடி எழுந்து நின்றார். தர்லோ அவகாசம் எடுத்து யோசித்து, ஸ்காட் சொன்னதே சரி என்று தீர்ப்பளித்தார். 'ஆக்ராய்ட் எதிர் ஸ்மித்சன்' என்ற அந்த வழக்கு உயில் சட்டத்தில் முன்னுதாரணமாக நிலைத்துவிட்டது. நீதிமன்றத்தைவிட்டு வெளியே வரும்போது ஒரு சொலிசிட்டர் தோளைத் தொட்டு, இனி ஆயுசுக்கும் உனக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை என்று சொன்னதாக ஸ்காட்டே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அப்போது அவர் லார்ட் எல்டன். இங்கிலாந்தின் லார்ட் சான்சலராக ஏறத்தாழ 25 வருஷம் இருந்தவர்.

இந்தக் கதையைத் திறமையின் வெற்றி என்று சொல்வது வழக்கம். திறமை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் சன்னது வாங்கிய புதிதில் ஸ்காட்டின் வருமானம் ஏறக்குறைய பூஜ்யம். லண்டன் வேண்டாம், சொந்த ஊரான நியூகாசிலுக்கே திரும்பிவிடலாம் என்றுகூட முடிவு செய்திருந்தார். அப்பா அந்த ஊரில் நிலக்கரி வியாபாரி. அண்ணன் ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்தவர். அந்த நாலு வருஷத்தைத் தாக்குப்பிடிக்க அவருக்குப் பின்னால் ஆள் இருந்தது. அப்படி ஆள் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் ஜூனியர் பாரிஸ்டரின் உண்மையான வரலாறு.

இங்கிலாந்தில் பாரிஸ்டராக வேண்டுமானால் லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு சங்கங்களில் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். லிங்கன்ஸ் இன்னின் பதிவேடுகள் 1422 முதல் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் இந்தச் சங்கங்கள் முறையாகச் சட்டம் சொல்லிக்கொடுத்தன. 1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பாடம் நின்றது. பிறகு உருப்படியாகத் தொடங்கவே இல்லை. பாடம் போய் விருந்து மட்டும் மிஞ்சியது. குறிப்பிட்ட பருவங்களில் குறிப்பிட்ட தடவை சங்கத்தின் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், பாரிஸ்டர் ஆகலாம். 1872 வரைக்கும் பரீட்சைகூடக் கட்டாயமில்லை. சேர்க்கைக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் லண்டன் வாடகையும் கட்ட முடிந்தவருக்குக் கதவு திறந்திருந்தது.

கடல் கடந்தும் ஆட்கள் வந்தார்கள். வங்காளத்து ஞானேந்திரமோகன் தாகூர் 1862-இல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். இந்தியர்களில் அவரே முதல்வர். அடுத்த ஆண்டே அதே சங்கத்தில் இலங்கைத் தமிழர் முத்து குமாரசுவாமி சன்னது பெற்றார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அங்கே பாரிஸ்டரானது அதுவே முதல் தடவை என்பார்கள். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கியவர். கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை. தாகூர், முத்து குமாரசுவாமி இருவருமே பெரிய வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விருந்து சாப்பிட்டால் சன்னது கிடைக்கும், தொழில் வராது. சிவில் வழக்கில் பிராதும் எதிர்வாதமும் எழுதுவது அந்தக் காலத்தில் தனி வித்தை. ஒரு சொல் தவறினால் நியாயம் தன் பக்கம் இருந்தும் வழக்கு தோற்கும். அதைக் கற்க ஒரே வழி, அனுபவஸ்தர் ஒருவரின் சேம்பருக்குப் போய்ப் பணம் கட்டி உட்கார்ந்து அவருடைய கட்டுகளைப் பார்த்து நகலெடுப்பதுதான். வழக்கமான கட்டணம் வருஷத்துக்கு 100 கினி. சம்பளம் குரு கொடுப்பதில்லை. சீடன்தான் குருவுக்குக் கொடுத்தான்.

இந்த வித்தையில் பேர்போனவர் வில்லியம் டிட். அவர் நீண்ட காலம் பாரிஸ்டர்கூட இல்லை. பிராதும் எதிர்வாதமும் எழுதிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார். அவரிடம் பயின்றவர்களில் லிண்ட்ஹர்ஸ்ட், காட்டன்ஹாம், கேம்ப்பெல் மூவரும் லார்ட் சான்சலர் ஆனார்கள். டென்மன் தலைமை நீதிபதி ஆனார். இவர்களில் ஜான் கேம்ப்பெல் ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் மகன். 'மார்னிங் கிரானிக்கிள்' பத்திரிகையில் நிருபர் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர். முதல் வருஷத்து 100 கினியை எப்படியோ புரட்டிக் கட்டினார். அதற்கு மேல் அவரால் முடியாது என்று தெரிந்ததும், டிட் காசு வாங்காமலே சேம்பரில் இருக்கவிட்டார். ஒரு குருவின் நல்ல மனசு ஒரு சான்சலரைக் கொடுத்தது. டிட் கணக்குப் பார்ப்பவராக இருந்திருந்தால் கேம்ப்பெல் நிருபராகவே இருந்திருக்கக்கூடும்.

பயிற்சி முடிந்த ஜூனியருக்கு வேலை எப்படி வரும்? அந்தக் காலத்தில் கட்சிக்காரர் நேரே அவரிடம் வர முடியாது. சொலிசிட்டர்தான் வழக்கை எடுத்து, காகிதங்களை மடித்து, இளஞ்சிவப்பு நாடா கட்டி, மேலே கட்டணத்தைக் கினியில் எழுதி அனுப்புவார். ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். அதில் பவுண்டு பாரிஸ்டருக்கு, ஷில்லிங் அவருடைய குமாஸ்தாவுக்கு என்பது பழைய ஏற்பாடு. எந்தக் கட்டு யார் மேஜைக்குப் போக வேண்டும் என்பதில் குமாஸ்தாவின் கை ஓங்கியிருந்தது. புதிய ஜூனியரின் எதிர்காலம் பாதி அவர் தயவில் இருந்தது. 1847-இல் 20 பவுண்டு வரையிலான கடன் வழக்குகளுக்காகக் கவுண்டி நீதிமன்றங்கள் திறந்த பிறகு, சிறு வழக்குகளில் பழக ஜூனியர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

ஜூனியர் என்றதும் வயதைப் பார்க்கக் கூடாது. அரச வழக்கறிஞராகிப் பட்டுக் கவுன் போடாத எல்லோரும், தலை நரைத்தாலும் ஜூனியர்தான். பட்டுக் கவுன்காரர் ஜூனியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஆஜராகக் கூடாது என்ற விதி 1977 வரை இருந்தது. பெரியவரின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஜூனியருக்கு என்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கவுனைப் போட்டுவைக்கும் பைக்கும் நிறம் உண்டு. புதியவருக்கு நீலம், பெரிய வழக்கில் நன்றாக உழைத்தால் சீனியர் மனமுவந்து சிவப்புப் பை பரிசளிப்பார். பையைக் கடையில் வாங்கிக்கொள்ள முடியாது, சீனியர் கையால்தான் வர வேண்டும்.

உழைத்தவருக்குக் கூலி வராமல் போனால்? சார்லஸ் ரான் கென்னடியின் கதை அதற்குப் பதில். ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஸ்வின்ஃபென் எஸ்டேட் யாருக்கு என்ற வழக்கில், விதவையான திருமதி ஸ்வின்ஃபென்னின் பெரிய வக்கீல் அவருடைய சம்மதமில்லாமலே 1856-இல் சமரசம் செய்துவிட்டார். அந்த அம்மாள் விடவில்லை. கென்னடி துணைக்கு வந்தார். மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து, வருஷக்கணக்கில் உழைத்து எஸ்டேட்டை மீட்டுக் கொடுத்தார். 20,000 பவுண்டு தருவதாக அந்த அம்மாள் வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு புரவுன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார், பணம் வரவில்லை. கென்னடி வழக்குப் போட்டார். 1863-இல் நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது: வழக்கு நடத்திய கட்டணத்துக்காக பாரிஸ்டர் வழக்குத் தொடர முடியாது, வாக்குறுதி இருந்தாலும் செல்லாது. பாரிஸ்டர் வாங்குவது கூலியல்ல, காணிக்கை என்ற கௌரவத்தின் விலை அது. 1990-இல் சட்டம் வந்துதான் பாரிஸ்டர்கள் ஒப்பந்தம் போட வழி பிறந்தது. பரம்பரைச் சொத்து இருப்பவருக்கு இந்தக் கௌரவம் அழகு. ஜூனியருக்கு அது பட்டினி.

விருந்து முறையின் குறை முழுதாக வெளிப்பட்டது ஓர் இந்திய இளைஞரிடம்தான். இன்னர் டெம்பிளில் சேர்ந்த மோகன்தாஸ் காந்தி, சக மாணவர்கள் தன்னோடு ஒரே மேஜையில் உட்கார ஆசைப்பட்டதை எழுதியிருக்கிறார். நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின், இவரோ குடிப்பதில்லை. ரோமானியச் சட்டத்தை லத்தீனிலேயே படித்தார். 1891 ஜூன் 10-இல் பாரிஸ்டர் ஆகி, 12-ஆம் தேதி கப்பல் ஏறினார். எந்தச் சேம்பரிலும் உட்கார்ந்து பழகவில்லை. பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 30 ரூபாய் கட்டணத்துக்கு முதல் வழக்கு. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, கேள்வியே வரவில்லை. உட்கார்ந்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாகவும் வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படியும் ஏஜென்டிடம் சொன்னார். 51 ரூபாய்க்கு இன்னொருவர் வந்து வழக்கை நடத்தினார்.

அவருக்குத் தொழில் பிடிபட்டது தென்னாப்பிரிக்காவில். 1893-இல் 105 பவுண்டு சம்பளத்துக்கு தாதா அப்துல்லா நிறுவனத்தின் 40,000 பவுண்டு சிவில் வழக்கில் உதவிக்குப் போனார். கணக்குப் புத்தகங்களில் மூழ்கி, விவரங்களைக் கரைத்துக் குடித்து, கடைசியில் இரு தரப்பையும் மத்தியஸ்தத்துக்கு இசைய வைத்தார். ஒரு ஜூனியர் செய்ய வேண்டிய வேலை முழுக்க அங்கேதான் செய்தார். பக்கத்தில் பெரிய வக்கீல்களும் சம்பளமும் இருந்தன.

பணத்தைப் போலவே பாலினமும் தடையாக இருந்தது. 1919-இல் தடை நீங்கி, ஐவி வில்லியம்ஸ் 1922-இல் இங்கிலாந்தின் முதல் பெண் பாரிஸ்டர் ஆனார். அதே ஆண்டு சன்னது வாங்கித் தொழிலில் இறங்கிய ஹெலினா நார்மன்டன் பட்டுக் கவுன் பெற 1949 வரை காத்திருந்தார்.

குருவுக்குச் சீடன் பணம் கட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மறைந்தது. அதன் பிறகும் பயிற்சிக்காலச் சம்பளம் கட்டாயமில்லை. சம்பளமில்லாமல் பயின்ற ஒரு பெண் குறைந்தபட்சக் கூலி கேட்டு வழக்குப் போட்டார். பயிற்சி என்பது ஒப்பந்தம்தான், ஆனால் அந்தக் கூலிச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்கில் தோற்றாலும் கேள்வி அடங்கவில்லை. 2003 முதல் பயிற்சி பாரிஸ்டருக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டாவது கொடுத்தாக வேண்டும் என்று விதி வந்தது. 2019-இல் அது லண்டனில் 18,436 பவுண்டாக உயர்ந்தது. சேம்பரில் கிடைக்கும் இடங்கள் குறைந்துபோகும் என்று இதை எதிர்ப்பவர்கள் சொல்வார்கள். அந்த நியாயத்தை ஒதுக்க முடியாது. ஆனாலும், நூறு பேருக்குச் சோறில்லாத இடத்தைவிட, அறுபது பேருக்குச் சோறுள்ள இடம் மேல்.

சீனியர், ஜூனியர் என்ற இந்த ஏற்பாட்டோடுதான் 1862-இல் சென்னை உயர் நீதிமன்றமும் பிறந்தது. பாரிஸ்டர், வக்கீல் என்ற பேதம் பிறகு சட்டத்தால் நீங்கியது. 1961-இன் வழக்கறிஞர் சட்டம் எல்லோரையும் ஒரே வகுப்பாக்கியது. ஜூனியரின் சம்பளத்தை மட்டும் யாரும் தொடவில்லை. போக்குவரத்துக்குக்கூடப் போதாத தொகையை வாங்கிக்கொண்டு வாய்தா வாங்கவும் கட்டு சுமக்கவும் ஓடியவர்கள் எத்தனையோ பேர். 2024 ஜூனில்தான் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்றது. அதை நடைமுறையில் கொடுப்பது சீனியர்கள் கையில் இருக்கிறது. கொடுக்கிறார்களா என்று பார்ப்பது பார் கவுன்சிலின் கடமை. முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து வரும் பிள்ளைகள் அந்தப் பணத்தைத் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும்.