ஆரவாரமற்ற ரசனை: திருப்பதி வட்டாரத்து நாகசுரமும் கேட்போரும்

மெல்ல விரியும் ஓர் ஆலாபனை கேட்பவரை எவ்வளவு தொட்டது என்பதைக் கைதட்டலாலும் ‘ஆஹா’க்களாலும் அளப்பது நம் வழக்கம். சித்தூர், திருப்பதி வட்டாரக் கோயில் நாகசுரத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பதே என் வாதம்.

பரதரின் நாட்டிய சாஸ்திரம் அரங்கேறும் நிகழ்ச்சியின் வெற்றியை ‘மானுஷி’, ‘தைவிகி’ என இரண்டாகப் பிரிக்கிறது. புன்முறுவல், பாராட்டுச் சொல், மயிர்க்கூச்சு, இருக்கைவிட்டு எழுதல், ஆடையும் மோதிரமும் வழங்கல் ஆகியவை மானுட வெற்றியின் அடையாளங்கள். அரங்கு நிறைந்திருந்தும் ஓசையோ கலக்கமோ எழாதிருப்பது தெய்வ வெற்றி. நாடகத்துக்கு வகுத்த இலக்கணம் இது. இசைக்கும் செல்லும் என்றே கருதுகிறேன்.

சங்கீத உலகில் சித்தூரின் பெயர் பரவியது வேறொரு வழியில். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் சீடரும் 1954இல் சங்கீத கலாநிதி ஆனவருமான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, லய வல்லமைக்குப் பேர்போன பரம்பரையைச் சேர்ந்தவர். கணக்கு செறிந்த பல்லவியில் சபையின் மறுமொழி உடனே தெரிந்துவிடும். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பவர், கோர்வை எடுப்பில் வந்து சேரும்போது தன்னையறியாமல் ‘பலே’ என்பார். ஆலாபனையில் அப்படி வந்து சேரவேண்டிய இடம் என்று ஒன்றில்லை. தவில் ஒதுங்கியிருக்க, ஒத்தின் சுருதிமேல் நாகசுரம் மட்டும் நடக்கிறது. கேட்பவரின் மறுமொழியும் உள்ளடங்கிப் போகிறது. இத்தனைக்கும் இது வெட்டவெளிக்கான உரத்த வாத்தியம். தாழ்ந்த சுருதியுடைய நீண்ட பாரி நாயனத்தை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நிலைநிறுத்திய பிறகு அதன் கார்வைகளுக்குத் தனி ஆழம் வந்தது.

மொழியும் இதில் சேர்கிறது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் அக்கம்பக்கத்தில் வாழ்கின்றன. வாத்தியத்தில் கீர்த்தனை ஒலிக்கும்போது சாகித்தியம் அறிந்தவர் மனத்துக்குள் கூடவே பாடுகிறார். அறியாதவருக்கு ராகம் மட்டுமே கிடைக்கிறது. ஆலாபனையில்தான் இருவரும் சமமாகிறார்கள்.

ஒரு வலுவான மறுப்பு உண்டு. கோயிலில் மக்கள் அமைதியாக நிற்பது பக்தியால். இசையை அவர்கள் கேட்கவே இல்லை எனலாம். தரிசன வரிசையில் நிற்கும் பலரைப் பொறுத்தவரை இது உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால் திருமலையில் இரவு நடக்கும் ஏகாந்த சேவையை எண்ணிப் பார்க்கவேண்டும். அன்னமாச்சாரியாரின் (1408–1503) தாலாட்டை அங்கே பாடுவது தாளப்பாக்கம் வம்சத்தார் மரபு. அந்த இசை சுவாமிக்கு உரியது. மனிதர் அருகிருந்து கேட்பவர் மட்டுமே. அங்கே கைதட்டினால் அது அபசாரம். அதே கோயிலுக்கு எதிரே நாத நீராஜன மேடையில் கச்சேரி நடக்கையில் அதே பக்தர்கள் தாராளமாகக் கைதட்டுகிறார்கள். ஆகவே இசை யாரை நோக்கியது என்பதே கேட்போரின் வெளிப்பாட்டைத் தீர்மானிக்கிறது. பக்தியையும் ரசனையையும் வெட்டிப் பிரிக்க முயல்வது இங்கே வீண்வேலை.

கள ஆய்வாளர் மண்டபத்தில் ‘பிடித்ததா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற மரியாதைச் சொல்லே கிடைக்கும். எந்தக் கார்வையில் நடை தயங்கியது, எந்தப் பிரயோகத்தில் பேச்சு நின்றது, வீடு திரும்பும்போது எந்த ராகம் வாயில் ஒட்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளட்டும். தமிழரிடமும் தெலுங்கரிடமும் தனித்தனியே.