கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காருக்கு வேற இன்ஜின்: எதை வச்சு முடிவு பண்றது?

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி சீரமைப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் வரும் ஆசை, 'இதுல பெரிய இன்ஜினை வச்சா எப்படி இருக்கும்?' என்பதுதான். ஆனால் தேர்வு தப்பாகிவிட்டால் பணமும் போகும், காரும் ஷெட்டில் பாதியில் நிற்கும். சரியான இன்ஜினை எப்படித் தேர்வு செய்வது? பிரிட்டனின் எம்ஜிபி கார் கதையை வைத்தே பார்க்கலாம்.

ஒரே கார், மூன்று இன்ஜின்

1962-ல் அறிமுகமான எம்ஜிபி-யில் இருந்தது 1,798 சிசி, நான்கு சிலிண்டர் இரும்பு இன்ஜின். 1967-ல் அதே பாடியில் 2.9 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்து எம்ஜிசி என்ற பெயரில் விற்றார்கள். பவர் கூடியது. ஆனால் முன்பக்கம் கனமாகி, வளைவுகளில் கார் சொன்னபடி திரும்பவில்லை என்ற விமர்சனம் வந்தது. 1969-ல் உற்பத்தியே நின்றது.

1973-ல் வந்த எம்ஜிபி ஜிடி வி8-ல் 3,528 சிசி ரோவர் இன்ஜின். எட்டு சிலிண்டர் என்றாலும் அலுமினியத்தில் செய்தது. அதனால் எடை பழைய நான்கு சிலிண்டர் இன்ஜினை ஒட்டியே இருந்தது. கிடைத்ததோ 137 குதிரைத்திறன். இன்றுவரை எம்ஜிபி-க்கு இந்த இன்ஜினைப் பலர் தேடுவதற்கு இதுவே காரணம்.

அப்போ முதலில் என்ன பார்க்கணும்?

எடை: குதிரைத்திறனை அப்புறம் பார்க்கலாம். முதலில் புது இன்ஜின் எத்தனை கிலோ, அந்த எடை முன் அச்சுக்கு எவ்வளவு முன்னால் உட்காரும் என்று பாருங்கள்.

இடம்: பானெட் மூடுமா? ஸ்டியரிங் ராடில் எக்ஸாஸ்ட் இடிக்குமா? ரேடியேட்டருக்கு இடம் மிஞ்சுமா? இன்ஜின் வாங்கும் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கியர்பாக்ஸ், பின் அச்சு: இழுவிசை கூடினால் பழைய பாகங்கள் தாங்காது. எம்ஜிபி-யில் ரோவர் வி8 வைப்பவர்கள் பலர், ரோவர் எஸ்டி1 காரின் 5 கியர் பாக்ஸையும் சேர்த்தே பொருத்துகிறார்கள்.

பிரேக்: வேகம் கூடும் காருக்கு நிற்கும் திறனும் கூடணும். இதுக்கான பணத்தை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள்.

வயரிங்: நவீன இன்ஜின் என்றால் இசியு, சென்சார்கள், அதிக அழுத்த பெட்ரோல் பம்ப் எல்லாம் கூடவே வரும். இன்ஜின் மலிவாகக் கிடைத்தாலும் செலவு இங்கேதான் ஏறும். முடிந்தால் இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், இசியு நான்கையும் ஒரே காரிலிருந்து எடுப்பது நல்லது.

இந்தியாவில் செய்யலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்சி புக்கில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது. எனவே வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லுங்கள். இல்லையென்றால் விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

கடைசியா ஒண்ணு: கழற்றிய பழைய இன்ஜினை விற்றுவிடாதீர்கள். நாளைக்கு காரை விற்கும்போது, சேசிஸோடு எண் பொருந்தும் ஒரிஜினல் இன்ஜினுக்குத் தனி மதிப்பு உண்டு.