பதிமூன்றடி ஒன்றரை அங்குலம்

பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாமா, புது வண்டி பார்க்கக் கோவைக்கு வந்தபோது மடியில் ஒரு அளவு டேப்பையும் கொண்டுவந்திருந்தார். வீட்டுப் போர்டிகோ பதினைந்து அடி. வண்டி உள்ளே நின்ற பிறகு கேட் சாத்த வேண்டும். இன்ஜின், மைலேஜ், விலை எல்லாம் அதற்குப் பிறகுதான். அவிநாசி சாலையில் மூன்று ஷோரூம் ஏறி இறங்கினோம். மூன்றும் வேறு வேறு கம்பெனி. டேப் மட்டும் மூன்று இடத்திலும் பதிமூன்றடி ஒன்றேகால் அங்குலத்தில் வந்து நின்றது.

"ஏனுங் தம்பி, எல்லாருமே ஒரே அச்சுல வார்க்கறாங்களாட்ட இருக்குதே?" என்று விற்பனைப் பையனைக் கேட்டார்.

"நாலு மீட்டருக்குள்ள இருந்தா வரி கம்மிங்க சார்" என்றான் அவன்.

அந்த ஒரு வரிக்குள் ஏறக்குறைய இருபது வருடக் கதை இருக்கிறது. பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், கைலாக் எல்லாம் 3995 மில்லிமீட்டர். மேக்னைட் 3994, கைகர் 3991, எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 3990. ஜப்பான்காரரும் கொரியாக்காரரும் செக் நாட்டுக்காரரும் பம்பாய்க்காரரும் தனித்தனியாக வரைந்த வண்டிகள், சொல்லிவைத்தாற்போல் 4000 என்ற கோட்டுக்கு நூலிழை முன்னால் நிற்கின்றன. பதிமூன்றடி ஒன்றரை அங்குலம் என்கிற அந்தக் கோட்டைப் போட்டது எந்த வடிவமைப்பாளரும் இல்லை. போட்டது ஒரு பட்ஜெட்.

2006 பிப்ரவரி 28. நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் எது என்பதற்கு மூன்று அளவுகள்: நீளம் 4000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். சின்னக் கார்களை உலகத்துக்கே செய்து கொடுக்கும் இடமாக இந்தியாவை ஆக்க வேண்டும் என்பது நோக்கம். ஜப்பானில் 'கெய்' கார் என்று ஒரு வகை இப்படித்தான் வளர்ந்தது. அங்கே கோடு இன்னும் இறுக்கம்: 3.4 மீட்டர் நீளம், 660 சிசி.

அன்றைக்கு அந்தக் கோட்டுக்குள் இருந்தவை மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ மாதிரியான வண்டிகள். ஸ்விஃப்ட் நீளத்தில் தேறியது, ஆனால் அதன் பெட்ரோல் இன்ஜின் 1298 சிசி. 98 சிசி கூடுதல். 2010-ல் அதே ஸ்விஃப்டுக்கு 1197 சிசி இன்ஜின் வந்தது. புகை விதிகளும் ஒரு காரணம்தான். ஆனாலும் சட்டத்தின் எண்ணுக்கு ஏற்றபடி சிலிண்டர் சுருங்குவதை நாம் முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது அங்கேதான் என்பேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவை நினைக்காமல் கோயம்புத்தூர்க்காரனால் நகர முடியாது. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து, 2000 ரூபாய்க்குத் தரலாம் என்றார் அவர். அரசு உரிமம் தரவில்லை; வண்டி அதோடு நின்றது. அவர் பெயரில் இருக்கும் கார் அருங்காட்சியகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். அரசாங்கத்தின் ஒரு கையெழுத்து ஒரு சின்னக் காரைப் பிறக்காமலும் ஆக்கும், அரை நூற்றாண்டு கழித்து ஒரு வகைக் காரையே பிறக்கவும் வைக்கும்.

பிறப்பு உடனே நடந்துவிடவில்லை. முதலில் வெட்டுத்தான் நடந்தது. 2008-ல் டாடா தன் இண்டிகோ செடானின் பின்புறத்தைக் குறுக்கி இண்டிகோ சிஎஸ் என்று கொண்டுவந்தது. 2009-ல் பிரீமியர் ரியோ வந்தது; நாலு மீட்டருக்குள் உயரமான எஸ்யூவி உருவம், டீசல் இன்ஜின். கணக்குச் சரி, ஆனால் ஊரூராகக் கொண்டுபோய் விற்கப் பெரிய கம்பெனியின் கை அதற்கு இல்லை. 2012-ல் மஹிந்திரா, நாலரை மீட்டர் சைலோவை 3985 மில்லிமீட்டருக்கு வெட்டி குவான்டோ என்றது. இன்ஜினையும் வெட்டினார்கள். நாலு சிலிண்டர் 2.2 லிட்டர் எம்-ஹாக்கில் ஒரு சிலிண்டர் போய், மூன்று சிலிண்டர் 1493 சிசி ஆனது. பின்பக்கம் பார்த்தால் வெட்டியது தெரியும். அதைப் பலர் கேலி செய்தார்கள். நான் செய்ய மாட்டேன். ஒரு விதியை முழுசாகப் படித்து, இருக்கிற சாமானை வைத்து அதற்குள் ஏழு பேரை உட்காரவைத்த உழைப்பு அது.

2013-ல் மறுபடியும் சிதம்பரத்தின் பட்ஜெட். எஸ்யூவிகளுக்குக் கலால் 27-லிருந்து 30 சதவீதம் ஆனது. எஸ்யூவி என்றால் நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் இன்ஜின், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இடைவெளி. சிறிய காருக்கோ 12 சதவீதம்தான். எஸ்யூவியின் உருவத்தைச் சின்னக் காரின் அளவுக்குள் அடக்கினால் பதினெட்டு சதவீதம் மிச்சம். அந்த ஜூன் மாதமே மறைமலைநகர் ஆலையிலிருந்து ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் வந்து இறங்கியது. 3999 மில்லிமீட்டர், கோட்டுக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் மிச்சம்.

ஈக்கோஸ்போர்ட்டின் மூன்று இன்ஜின்களைப் பார்த்தாலே விதி புரிந்துவிடும். 1498 சிசி டீசல்: உள்ளே. 999 சிசி டர்போ பெட்ரோல்: உள்ளே. 1499 சிசி சாதாப் பெட்ரோல்: வெளியே. ஆரம்ப விலை 5.59 லட்சம். ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்தார்கள். நம் பக்கத்தில் அது எடுபட்டதற்குத் தனிக் காரணம் உண்டு. தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில் சின்னக் காரின் அடி தட்டும். பொலிரோ, ஸ்கார்பியோ போகும், ஆனால் டவுன்ஹால் பக்கம் நிறுத்த இடம் தேட வேண்டும். கல்யாணத்துக்கும் போக வேண்டும், களத்துமேட்டுக்கும் போக வேண்டும் என்கிற குடும்பத்துக்கு நடுவாந்திரமான வண்டி அதுவரை கிடையாது.

அன்றைக்கு எல்லாரும் டீசலைக் கேட்டதற்கும் கணக்கு இருந்தது. 2012 மே மாதம் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41. வருடம் பத்தாயிரம் கிலோமீட்டர். நிஜ ஓட்டத்தில் பெட்ரோல் 14, டீசல் 18 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 52 ஆயிரம், டீசலுக்கு 23 ஆயிரம். வருடம் 29 ஆயிரம் மிச்சம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2025-ல் நம் ஊரில் பெட்ரோல் 101, டீசல் 93 என்று போட்டால் அதே ஓட்டத்துக்கு மிச்சம் 20 ஆயிரம்தான். டீசல் வண்டிக்கு முதலில் கூடுதலாகக் கொடுக்கும் லட்ச ரூபாய்க்கு மேலான பணத்தைத் திருப்பி எடுக்கவே ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். தினம் திருப்பூருக்கோ கரூருக்கோ போய்வருகிறவருக்கு டீசல் இன்றும் சரி. தோப்புக்கும் கோயிலுக்கும் போகிறவருக்கு இல்லை.

2016 மார்ச்சில் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா வந்தது. 1248 சிசி டீசல் மட்டுமே, சோதனைக்கூட மைலேஜ் 24.3. அதோடு இந்த வகை ஊரெங்கும் பரவியது. 2017-ல் டாடா நெக்ஸான். அடுத்த ஆண்டு டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய வண்டி அதுதான். நீளத்தை வெட்டினால் உயிருக்குப் பாதுகாப்பு போகும் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த பதில் அது. 2019-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வென்யூ, 2020-ல் ஒரகடத்திலிருந்து மேக்னைட். அதே ஒரகடத்திலிருந்து அடுத்த வருடம் கைகர். வழி போட்ட ஈக்கோஸ்போர்ட் மட்டும் இன்று இல்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறுவருடம் கடைசி வண்டி மறைமலைநகரை விட்டு வெளியே வந்தது.

பிரெஸ்ஸாவின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதி. மாருதி டீசலையே விட்டுவிட்டு, பிரெஸ்ஸாவுக்குள் 1462 சிசி பெட்ரோல் இன்ஜினை வைத்தது. நீளம் கோட்டுக்குள், இன்ஜின் கோட்டுக்கு 262 சிசி வெளியே. கலாலின் இடத்துக்கு வந்திருந்த அன்றைய ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து சிறிய பெட்ரோல் காருக்கு 29 சதவீதம், பிரெஸ்ஸாவுக்கு 45. நாலு மீட்டருக்குள் அடங்குவதற்காகப் பின்பக்க டிக்கியைக் குறுக்கிக்கொண்ட வண்டி, 4.3 மீட்டர் கிரெட்டா கட்டும் அதே வரியைக் கட்டியது. ஆனாலும் விற்றது. நாலு சிலிண்டரின் அதிர்வில்லாத ஓட்டத்துக்கும், மூலை முடுக்கெல்லாம் இருக்கும் சர்வீசுக்கும் ஜனங்கள் கூடுதல் வரியைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

மற்றவர்கள் 1200-க்குள்ளேயே நின்று வேறு வழி பார்த்தார்கள். அந்த வழிதான் டர்போ. அதை மாமாவுக்குப் புரியவைக்க ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் எனக்குக் கைகொடுத்தன. வென்யூவின் 1197 சிசி சாதா இன்ஜினுக்கு இழுவை 114 நியூட்டன் மீட்டர். அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போதுதான் முழுசாகக் கிடைக்கும். அதைவிடச் சின்னதான 998 சிசி டர்போவுக்கு 172. 1500 சுற்றிலேயே கிடைத்துவிடும். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும்.

"அப்ப வளைவுல ரெண்டாம் கியர்லயே ஏறுமா மாப்ள?"

"ஏறுமுங்க மாமா. ஆனா மிதிச்சா மிதிச்ச அளவுக்குக் குடிக்குமுங்க."

மைலேஜ் எண்ணுக்கும் நிஜத்துக்கும் இடைவெளி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பெனி அச்சடிக்கும் எண், வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி ஏறக்குறைய இருபது நிமிடம், ஏசி போடாமல், அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி எடுத்தது. சித்திரை வெயிலில் காந்திபுரம் சிக்னலில் ஏசியோடு நிற்பது அதில் இல்லை. சாதா இன்ஜின் அச்சடித்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும். டர்போ ஓட்டுகிறவரின் காலைப் பொறுத்தது. அதனால் இரண்டு வண்டிகளின் அச்சடித்த மைலேஜில் ஒன்றரை, இரண்டு வித்தியாசத்தை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் நீங்கி இரண்டே வரி: கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், வெளியே என்றால் 40. வரிக்கு முன் 7 லட்சம் என்று வைத்தால், உள்ளே இருக்கும் வண்டி 8.26 லட்சம், வெளியே இருப்பது 9.80 லட்சம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம்; பிரெஸ்ஸா இன்றும் 40-ல்தான் நிற்கிறது. அதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 18. பத்து லட்சத்துக்கு ஓரடி இந்தப் பக்கம் நின்றால் 1.30 லட்சம், அந்தப் பக்கம் போனால் 1.80 லட்சம். சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு மேல் மாடலுக்குப் போகிறவர்கள் இந்த ஐம்பதாயிரத்தை ஷோரூமில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பில் போடும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. அது எனக்கு வருத்தம்.

கோட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு வண்டி எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, எவ்வளவு புகை விடுகிறது என்பதை நீளம் சொல்லாது. ஆனாலும் இருபது வருடமாக நீளமும் வரியைத் தீர்மானித்தது. அதற்காகக் குறுக்கப்பட்டது பெரும்பாலும் டிக்கிதான். அப்பச்சி, அம்மாயி, இரண்டு பேரப்பிள்ளைகளோடு பழனிக்குக் கிளம்பும் குடும்பம் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு போவது டிக்கியில் அந்த நீளத்தைப் பறிகொடுத்ததால்தான்.

மாமா 998 சிசி டர்போவை எடுத்தார், பத்து லட்சத்துக்குக் கீழே ஒரு மாடலில். வண்டி போர்டிகோவில் நின்றது, கேட் சாத்தியது. அவர் எடுத்த அந்த 2025 செப்டம்பரிலேயே தில்லியில் எரிபொருள் சிக்கன விதிகளுக்கு ஒரு வரைவு வெளியானது. சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சலுகை தர அதில் சொல்லியிருந்த அளவுகளில் 4000 மில்லிமீட்டரும் 1200 சிசியும் அப்படியே இருந்தன. கூடவே புதிதாக ஒன்று: ஆள் ஏறாத வண்டியின் எடை 909 கிலோவுக்குள். மாமா வீட்டு வாசலில் நிற்கும் வண்டி ஆயிரம் கிலோவைத் தாண்டியது.