நோயாளரைக் குளிப்பாட்டல்

நோயாளரைக் குளிப்பாட்டல் என்பது, தம் உடலைத் தாமே சுத்தம் செய்துகொள்ள முடியாதவருக்குத் தாதியரோ, தாதியரிடம் பழகிய குடும்பத்தவரோ செய்துகொடுக்கும் பராமரிப்பு. மேனியைத் துடைத்தல், தலைக்கு வார்த்தல், வாய், கண், நகம், மறைவிடம் ஆகியவற்றைச் சுத்தம் செய்தல், உடையும் படுக்கை விரிப்பும் மாற்றுதல் எல்லாம் இதில் அடங்கும். தாதியியல் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் செய்முறை இது. அதனாலேயே இதை எளிய வேலையாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் படுக்கையில் கிடக்கும் ஒருவரின் உடல் உச்சி முதல் உள்ளங்கால் வரை இன்னொருவர் கண்ணில் முழுமையாகப் படுவது பெரும்பாலும் இந்த அரைமணி நேரத்தில்தான். வேறெந்த நேரத்திலும் தெரியவராத புண்ணும் வீக்கமும் வலியும் அப்போது வெளிப்படுகின்றன.

உன்னிச்சையும் நீரும்

இந்தப் பராமரிப்பை இங்கே உன்னிச்சை போன்ற ஓர் ஊரின் பின்னணியில் பார்ப்போம். உன்னிச்சை, இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், மண்முனை மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ள ஊர். மாவட்டத்தின் பெரிய நீர்ப்பாசனக் குளங்களில் ஒன்றான உன்னிச்சைக் குளம் இங்கே இருக்கிறது. வயலுக்குப் பாயும் இந்தக் குளத்து நீர், வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரின் குழாய்களுக்கும் போகிறது. இந்தத் திட்டம் வருமுன் நகரவாசிகள் பெரிதும் வீட்டுக் கிணறுகளையே நம்பியிருந்தனர்.

படுவான்கரை மக்களுக்குக் குளிப்பு என்றால் குளம், வாய்க்கால், கிணற்றடி. தலையோடு நீர் வார்ப்பது முழுகுதல். தலை நனையாமல் உடலை மட்டும் கழுவுவது மேல் கழுவுதல். நோயாளரிடம் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்பது நல்லது. காய்ச்சலில் முழுகக்கூடாது என்று நம்பும் ஒருவர், மேல் கழுவுவதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். பாரிசவாதத்தில் விழுந்த விவசாயிக்குக் கட்டிலில் கிடப்பதைவிடக் குளத்தில் இறங்க முடியாமல் போனதே பெரிய இழப்பாக இருக்கலாம். துவாயும் வாளியும் கொண்டு செய்யும் குளிப்பாட்டல் அந்த இழப்பில் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுக்கிறது.

வரலாறு

1847இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார்; தாய்மாரின் மரணம் சடுதியாகக் குறைந்தது. அதே ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய அவர், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். நோயாளி பேசும் மொழியிலேயே அவர் உடலைப் பற்றிப் பேசும் மருத்துவத்துக்கு இலங்கைத் தமிழர் மத்தியில் அவ்வளவு பழைய வேர் உண்டு.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1854இல் ஸ்கூட்டாரி படை மருத்துவமனைக்குச் சென்றார். 1859இல் வெளியிட்ட தாதியியல் நூலில் நோயாளியின் உடற்தூய்மைக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். 1966இல் வெர்ஜீனியா ஹென்டர்சன் வகுத்த 14 அடிப்படைத் தேவைகளில் உடலைச் சுத்தமாக வைத்திருப்பதும் தோலைக் காப்பதும் இடம்பெற்றன. இன்று மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக் கல்லூரியும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியியல் பட்டப்படிப்பும் உள்ளன.

வகைகள்

நோயாளரால் எவ்வளவு இயலும் என்பதைப் பொறுத்து வகை தீர்மானிக்கப்படுகிறது. அசைய முடியாதவருக்கும் நினைவிழந்தவருக்கும் முழுப் படுக்கைக் குளியல். எழுந்து உட்காரக்கூடியவருக்குப் பகுதிக் குளியல்: முகம், கை, நெஞ்சு ஆகியவற்றை அவரே கழுவுவார், முதுகையும் காலையும் தாதி பார்த்துக்கொள்வார். நடக்கக்கூடியவர் கதிரையில் இருந்தபடி குளியலறையில் குளிப்பார். தாதி கூப்பிடு தூரத்தில் நிற்பார். தம்மால் இயன்றதை நோயாளர் தாமே செய்ய விடுவதும் சிகிச்சைதான். பாரிசவாதம் வந்தவர் நல்ல கையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்போது அவரது பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

படுக்கைக் குளியலின் முறை

முதலில் சொல்லவேண்டும், பிறகே தொடவேண்டும். "ஐயா, மேல் கழுவி விடப்போறன், சரிதானே?" என்ற கேள்விக்கு நினைவிழந்து கிடப்பவருக்கும் உரிமை உண்டு, பதில் சொல்ல முடியாதவருக்கும் காது கேட்கக்கூடும். திரையை இழுத்து, யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, சலம் போகவேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வாளியை எடுக்கவேண்டும்.

பாடநூல்கள் பாத்திர நீரின் வெப்பத்தை 43 முதல் 46 பாகை செல்சியஸ் வரை என்கின்றன. துணியில் ஏறி உடலைச் சேர்வதற்குள் அது ஆறிவிடும். வெப்பமானி இல்லாத இடத்தில் மணிக்கட்டின் உட்புறத்தால் நீரைத் தொட்டுப் பார்க்கலாம். நீரிழிவாலோ பாரிசவாதத்தாலோ உணர்ச்சி குறைந்தவரின் காலில் நீரைவிட்டு "சூடா?" என்று கேட்பது ஆபத்து. சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

துணியைக் கையில் கையுறைபோலச் சுற்றி, நுனிகளை உள்ளங்கைப் பக்கம் செருகிக்கொள்ளவேண்டும். நுனி தொங்கினால் ஈரம் குளிர்ந்து நோயாளியின் மேல் இழுபடும். முதலில் கண்கள், சவர்க்காரம் இல்லாமல்: மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு பகுதி. அடுத்து முகம், கழுத்து, கை, நெஞ்சு, வயிறு, கால், முதுகு, கடைசியாக மறைவிடம். கையையும் காலையும் நுனியிலிருந்து உடலை நோக்கி நீண்ட தடவலாகத் துடைக்கவேண்டும். காலில் இரத்தக்கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. பெண்களின் மறைவிடத்தை முன்னிருந்து பின்னாகவே துடைக்கவேண்டும். மாறித் துடைத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதையில் சேரும்.

கழுவும் பகுதியை மட்டும் திறந்து, மற்ற உடலைத் துவாயால் மூடியிருக்கவேண்டும். நீர் ஆறினாலோ கலங்கினாலோ உடனே மாற்றவேண்டும். மறைவிடத்துக்குப் புதிய நீரும் புதிய துணியும். அக்குள், மார்பின் கீழ், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு ஆகியவற்றை ஒற்றி உலர்த்தவேண்டும். வயலில் சேற்றில் நின்று வேலை செய்தவரின் விரலிடுக்கில் சேற்றுப்புண் ஒளிந்திருப்பது வழக்கம்.

சாதாரண சவர்க்காரம் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். 9 முதல் 10 வரை. தோலின் மேற்பரப்போ சற்று அமிலத்தன்மையானது, சுமார் 5. முதியவரின் உலர்ந்த தோலைத் தினமும் சவர்க்காரத்தால் தேய்த்தால் அந்தப் பாதுகாப்புப் படலம் கரைந்து வெடிப்பும் அரிப்பும் வரும். அவர்களுக்கு மென்மையான கழுவுதிரவமும் பிறகு ஈரப்பதக் களிம்பும் ஏற்றவை.

முதுகைத் திருப்பும்போது

நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைத் துடைக்கும் அந்தச் சில நிமிடங்கள் மிக முக்கியமானவை. முதுகடி எலும்பு, இடுப்பு, குதிக்கால், பின்தலை ஆகிய இடங்களில் சிவப்போ கருமையோ தெரிந்தால் விரலால் மெல்ல அழுத்தி எடுக்கவேண்டும். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் இரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. வெளுக்காமலே நின்றால் அழுத்தப் புண்ணின் முதலாம் நிலை தொடங்கிவிட்டது. நமது கறுத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்த்தால் உள்ளே நொந்த தசை மேலும் சிதையும். அதன்மேல் பாரம் விழாமல் படுக்கவைப்பதே மருந்து. ஆபத்தை முன்கூட்டியே கணிக்க 1987இல் வெளியான பிரேடன் அளவுகோல் பயன்படுகிறது. ஆறு அம்சங்களைக் கொண்ட அதில் 18 அல்லது அதற்குக் குறைந்த புள்ளி பெற்றவர் ஆபத்தில் இருப்பவர்.

வாய்ச் சுத்தம்

வாயிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்கு இறங்கி நியுமோனியாவை உண்டாக்கலாம். நினைவிழந்தவரைப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, சிறிதளவு நீரோடு மென்மையாகத் துலக்கி, வடியும் நீரை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்கவேண்டும். செயற்கைச் சுவாசத்தில் உள்ளவருக்குக் குளோரெக்சிடின் என்னும் கிருமிநாசினி கொண்டு வாய் கழுவுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2022இல் அமெரிக்கத் தொற்றுத்தடுப்பு அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டல் அதைத் தவிர்த்து, பல் துலக்குவதையே பரிந்துரைத்தது. கட்டுப்பல் இருந்தால் கழற்றிக் கழுவி, மூடியுள்ள பாத்திரத்தில் நீரில் வைக்கவேண்டும்.

தொற்றுத் தடுப்பு

சுத்தம் செய்யும் பாத்திரமே தொற்றின் இருப்பிடமாகலாம். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மூன்று மருத்துவமனைகளின் 92 குளியல் பாத்திரங்களில் 98 வீதமானவற்றில் கிருமிகள் இருந்தன. ஆகவே ஒருவரின் பாத்திரத்தை இன்னொருவருக்குப் பாவிக்காமல், ஒவ்வொரு முறையும் கழுவிக் கவிழ்த்து உலரவைக்கவேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குளோரெக்சிடின் தோய்ந்த துணியால் தினமும் துடைப்பது இரத்தத் தொற்றை 28 வீதம் குறைத்ததாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில் அத்தகைய பயன் தெரியவில்லை. எந்த முறையானாலும் குளிப்பாட்டலுக்கு முன்னும் பின்னும் கை கழுவுவது மாறாத விதி.

சிறப்பு நிலைகள்

பிறந்த குழந்தையை 24 மணிநேரம் கழியும்வரை குளிப்பாட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முன்னதாகக் குளிப்பாட்டினால் உடல் வெப்பம் இறங்கிவிடும். மகப்பேற்றின் பின் இலைகள் அவித்த வெந்நீரில் தாயைக் குளிப்பாட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. சத்திரசிகிச்சை செய்தவராயின் காயம் நனையலாமா என்று தாதியிடம் கேட்டுச் செய்வதும், நீரின் சூட்டை ஒருவர் சோதிப்பதும் அவசியம்.

நீரிழிவு உள்ளவரின் பாதத்தை ஊறவிடக் கூடாது; கழுவி, விரலிடுக்கை உலர்த்தி, அடிப்பாதத்தை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். வலிப்பு உள்ளவர் குளத்திலோ கிணற்றடியிலோ தனியே குளிக்கவே கூடாது. சிறுநீர்க் குழாயோ ஆறாத காயமோ உள்ளவர் குளத்தில் இறங்கக் கூடாது.

மறதிநோய் உள்ளவர் குளிப்பாட்டும்போது கத்துவதும் அடிப்பதும் பெரும்பாலும் குளிராலும் பயத்தாலும் வருவது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில், உடலை மூடியபடி வெதுவெதுப்பான துவாயால் துடைத்தபோது அத்தகைய ஆவேசம் பாதிக்கும் மேல் குறைந்தது.

கூச்சமும் நம்பிக்கையும்

மகன் தாயைக் குளிப்பாட்டத் தயங்குவதும், பெண் நோயாளி ஆண் தாதியிடம் கூசுவதும் இயல்பு. இயன்றவரை அதே பாலினத்தவர் செய்வது நலம். முஸ்லிம் நோயாளர் தொழுகைக்கு முன் நீரால் உறுப்புகளைக் கழுவும் வுளுச் செய்ய உதவி கேட்கலாம். நீர் படக்கூடாதவருக்கு, நீருக்குப் பதிலாகத் தூய மண்ணால் செய்யும் 'தயம்மும்' உண்டு. கொப்புளிப்பானை அம்மாள் வந்திருப்பதாகக் கருதும் வீடுகளில், கொப்புளங்கள் காய்ந்து வேப்பிலை நீர் வார்க்கும்வரை குளிக்கமாட்டார்கள். அந்த நம்பிக்கையைப் பழிக்காமல், அதுவரை ஈரத்துணியால் ஒற்றிச் சுத்தம் செய்யலாம், நகத்தை வெட்டிவிடலாம் என்று சொன்னால் வீட்டார் கேட்பார்கள். சொறிந்து புண்ணாவது குறையும்.

வீட்டில்

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய நோயாளரைப் படுவான்கரையில் குளிப்பாட்டுவது மனைவியோ மகளோ மருமகளோ. விடுதியில் துணைக்கு நிற்கும் நாட்களிலேயே, அவர்கள் 'மிஸி' என்று அழைக்கும் தாதி அருகில் நிறுத்தி இரண்டு முறையாவது அவர்கள் கையால் செய்யவைத்தால் வீட்டில் தடுமாற்றம் இருக்காது. வழுக்காத தரை, கை பிடிக்க ஒரு கம்பு, நீர் வடியும் பிளாஸ்டிக் கதிரை ஆகியன கிணற்றடிக்குப் போதும்.

முதுகில் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு, காலில் புதுப் புண், ஒரு காலில் மட்டும் வீக்கம், துர்நாற்றமுள்ள கசிவு, தொட்டால் முகம் சுளிக்கும் இடம்: இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் சொல்லவேண்டும். குளிப்பாட்டும் மருமகளின் கைக்கு முதலில் தட்டுப்படும் அந்தச் சிறு சூடு, அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திருக்காது.