கலப்புமுறைக் கற்பித்தல்

இணையவழிப் பாடத்தையும் வகுப்பறை நேரத்தையும் ஒரே பாடத்திட்டத்தில் பிணைக்கும் முறை. நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிக் கல்வித் திட்டம். 7 ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய இத்திட்டத்தில் 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. வாரந்தோறும் காணொளியும் அசைன்மென்டும் இணையத்தில். இறுதித் தேர்வை மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 விழுக்காடு. என்பிடெலுடன் இணைந்த 'லோக்கல் சாப்டர்' கல்லூரிகளில் ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். ஒரு பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிப் பாடத் தளத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிகள் இடமளிக்கின்றன.

எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் நகரக் கல்லூரிக்குப் போய்வரும் மாணவருக்கு, புரியாத பாடத்தை நிறுத்தி மறுபடி கேட்க முடிவதே பெரிய உதவி. ஆனால் வீட்டில் ஒரே கைபேசி, அதிலும் டேட்டா தீர்ந்துவிட்டது என்றால் இந்த முறையே முடங்கும். கொரோனாக் காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் எனத் தமிழக அரசு அறிவித்தது இதனால்தான்.

காணொளியில் சொன்னதையே வகுப்பில் மறுபடி ஒப்பிப்பது கலப்புமுறை ஆகாது. நேரில் கிடைக்கும் நேரம் கணக்குப் போடவும், சந்தேகம் கேட்கவும், ஆய்வகத்துக்கும் உரியது.